மாப்பிள்ளையின் இடது கை

என் மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளை முடி வெட்டுகிறவர். சொந்தக் கடை. கடை கீழே, வீடு மேலே. இரண்டு நாற்காலி போட இடமிருந்தும் ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "இன்னொண்ணு போட்டா ஆள் வைக்கணும் அத்தை. ஆள் வெச்சா அந்த ஆள்கிட்ட பேசணும்," என்பார். அவ்வளவு பேச்சுக் குறைச்சல். வாயைத் திறக்காத மனிதர் இந்தத் தொழிலில் எப்படிப் பிழைக்கிறார் என்று கல்யாணமான புதிதில் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. பேச வேண்டியதை எல்லாம் நாற்காலியில் உட்காருகிறவர்களே பேசிவிடுகிறார்கள். இவர் 'ம்' போட்டால் போதும்.

மேலே எனக்குப் பொழுது போகாது. படியிறங்கி வந்து, காத்திருக்கிறவர்களுக்காகப் போட்டிருக்கும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். ஆம்பளைகள் முடி வெட்டும் இடத்தில் உனக்கென்ன வேலை என்று மகள் முணுமுணுப்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் அந்தத் தொழிலைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டேன். கத்தரி பிடிப்பது வலது கைதான். ஆனால் முடியை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து இழுத்து, இவ்வளவு விடலாம், இவ்வளவு போகலாம் என்று முடிவு செய்வது இடது கை. சவரம் பண்ணும்போது கன்னத்துத் தோலை இழுத்துப் பிடிப்பதும் அதுதான். வலது கை சும்மா சொன்னதைச் செய்கிற வேலைக்காரன்.

ஒருவருக்கு வெட்டி முடித்ததும் மாப்பிள்ளை கத்தரியையும் இரும்புச் சீப்பையும் ஒரு தட்டில் வைத்து, மேலே கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவார். கிருமி செத்துப்போகுமாம். அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த பழக்கம். ஸ்பிரிட்டில் ஒரு வம்பு உண்டு. நல்ல வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. எரிகிறதா, அணைந்துவிட்டதா என்பதைக் கையைக் கொஞ்சம் மேலே நீட்டிச் சூடு பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் சூடு பார்ப்பார். அன்றைக்கு நாற்காலியில் இருந்த மனிதர் தன் மச்சான் வீட்டுக் கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வருவதே அபூர்வம், அன்றைக்கு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, தீ அணைந்துவிட்டது என்று நினைத்து, தட்டை இடது கையால் பிடித்தபடி பாட்டிலை மறுபடி சாய்த்தார்.

தீ ஸ்பிரிட் வழியாகவே மேலே ஏறியது. பாட்டில் கையிலிருந்து நழுவி, இருந்ததெல்லாம் இடது கையில் கொட்டியது. நான் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தீயே தெரியவில்லை. அவர் கையை உதறுவதுதான் தெரிந்தது. மச்சான் கதைக்காரர் தன் கழுத்தில் கிடந்த ஈரத் துண்டைப் பிடுங்கி அந்தக் கையைச் சுற்றி அமுக்கினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசட்டுத்தனம். கத்தி பட்டு முகத்தில் கீறினால் படிகாரம் தேய்ப்பது இவர்கள் வழக்கம். உள்ளே போகக் கூட நேரமில்லாமல், மாப்பிள்ளை அந்தப் படிகாரக் கட்டியை எடுத்து வெந்த கையின் மேல் பரபரவென்று தேய்த்துவிட்டார். குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் எவ்வளவோ தேவலை என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இத்தனை வருஷம் அடுத்தவர் முகத்துக்குச் செய்ததைத் தன் கைக்குச் செய்திருக்கிறார், வேறென்ன.

தெரு முனை கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "நல்லவேளை, இடது கை!" மாப்பிள்ளை 'ம்' என்றார்.

வலிக்காமல் எப்படி வைத்தால் சுகமாக இருந்ததோ அப்படியே கையைத் தலையணை மேல் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். என் மகளும் அந்தத் தலையணையை அலுங்காமல் பார்த்துக்கொண்டாள். புண் ஆறியது. ஆறிய தோல் இழுக்க ஆரம்பித்தது. துவைத்த புதுத்துணி சுருங்குமே, அந்த மாதிரி. விரல்களின் அடி மூட்டுகள் பின்பக்கமாக வளைந்தன, விரல்கள் கொக்கி போட்டன, கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. குழாயைத் திறக்கப் போன கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது போல இருந்தது. ஒரு சீப்பைக் கூட அதில் சொருகி நிறுத்த முடியவில்லை. கடையைச் சாத்தினோம்.

யாரோ சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே தீக்காயத்துக்கென்றே ஒரு டாக்டர். நெட்டையாக, மெதுவாகப் பேசுகிறவர். மாப்பிள்ளையின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, காய்ந்த பூவைப் பிரிக்கிறவர் போல ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார்.

"இறுக்கின தோலை அறுத்து விடணும். அறுத்தா அங்க பள்ளமா தோலே இல்லாம நிக்கும். தொடையிலேர்ந்து மெல்லிசா தோல் எடுத்து அங்க ஒட்டிடலாம்," என்றார். "விரல் மறுபடி பின்னால போகாம இருக்க, கொஞ்ச நாளைக்கு உள்ள கம்பி செருகி வெப்போம்."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை யோசித்து யோசித்து ஒரு கேள்வி கேட்டார்.

"தொடைத் தோல்ல முடி முளைச்சா?"

"மெல்லிசாத்தான் எடுக்கறோம், முளைக்காது. அப்படியே முளைச்சாலும் உங்களுக்கென்ன, தொழில் கையில இருக்கே," என்றார் டாக்டர்.

விபத்துக்குப் பிறகு மாப்பிள்ளை முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது கை ஒரு வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. பிரித்த அன்றைக்குப் பார்த்தேன். புதுத் தோல் வலை போட்டது போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருப்பவில்லை. நம் வீட்டு மனிதர் உடம்புதானே.

கம்பியை உருவிய பிறகுதான் உண்மையான பாடு. கைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் இருந்தாள். பிசியோ அம்மா என்பார்கள், ஆனால் எனக்குப் பேத்தியாக இருக்கிற வயசுதான். சிரித்த முகம், இரும்பு மனசு. மேஜையில் மாவு மாதிரி ஒரு உருண்டையை வைத்து, "பிசைங்க," என்பாள். துணி மாட்டும் கிளிப்பைக் கொடுத்து, "திறங்க," என்பாள். மாப்பிள்ளையின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். வாயிலிருந்து ஒரு சத்தம் வராது.

"கத்தலாங்க. இங்க எல்லாரும் கத்துவாங்க," என்றாள் அவள் ஒருநாள்.

"அவருக்குக் கத்த வராதும்மா. நான் வேணா அவருக்குப் பதிலா கத்தவா?" என்றேன். பக்கத்து மேஜையில் கை பிசைந்துகொண்டிருந்த ஒரு சமையல்காரர் சிரித்துத் தன் உருண்டையைக் கீழே போட்டுவிட்டார்.

பிசியோ அம்மாவின் கோபமெல்லாம் என் மகள் மேல்தான். "அவருக்கு நீங்க சட்டைப் பட்டன் போட்டு விடுறீங்களா?"

"ஆமா, பாவம், நேரமாகுதே."

"ஆகட்டும். நீங்க போட்டு விடற ஒவ்வொரு பட்டனும் அவர் விரல்லேர்ந்து நீங்க எடுத்துக்கறது."

அதிலிருந்து காலையில் மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் நின்று தானே பட்டன் போட்டார். பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மகள் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். மேல் பட்டன் அடுத்த ஓட்டைக்குள் போய், சட்டை கோணிக்கொண்டு நிற்கும். "கோணலாப் போட்டாலும் சொந்தமாப் போட்டது," என்று நான் சொல்வேன். கைக்கு இறுக்கமாக ஓர் உறை கொடுத்திருந்தார்கள், தோல் தடிக்காமல் இருக்க. அது அரிக்கும் அரிப்பைப் பற்றி மட்டும் மாப்பிள்ளை வாய்விட்டுப் புலம்பினார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. புலம்புகிற மனுஷன் தேறிவிடுவான்.

விரல்கள் ஒவ்வொன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்டன. கட்டைவிரல் விலகியது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கின. நடுவிரல் முக்கி முனகி மடங்கி நிமிர்ந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் மாட்டேன் என்றது. அதன் நடு மூட்டுக்கு மேலே இருந்த நரம்பு அன்றைக்கே வெந்துபோயிருந்ததாம். மூட்டும் கெட்டுப்போயிற்று. விரல் கொக்கியாகத் தொங்கியது, நிமிர்த்தினால் விழுந்தது.

நெட்டை டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்: "இந்த ஒரு மூட்டு இனி மடங்கி நிமிராது. எலும்போட எலும்பை ஒரே நிலையில ஒட்டிடலாம். வலி இருக்காது, பலமா இருக்கும். ஆனா ஒட்டினது ஒட்டினதுதான், அப்புறம் மாத்த முடியாது. பொதுவா கொஞ்சம் வளைச்சு ஒட்டுவோம். டம்ளர் பிடிக்க, பை தூக்க எல்லாத்துக்கும் அதுதான் தோது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

தொழில் கையில் இருக்கிறது என்று சொன்னவர்தான். ஆனால் எத்தனை கைகளைப் பார்க்கிற மனிதர், மறந்திருப்பார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"இப்ப சும்மாதான் இருக்கேன்."

மகள் முந்திக்கொண்டாள். "வளைச்சே வெச்சிடுங்க டாக்டர். என் அண்ணன் பெட்டிக் கிடங்குல இருக்கான், அங்க இவருக்கு வேலை கேட்டு வெச்சிருக்கோம். பெட்டி தூக்க வேணும்ல."

என் மகன் அந்தக் கிடங்கில் இருப்பது தெரியும், வேலை கேட்டு வைத்தது எனக்குப் புதுச் செய்தி. மாப்பிள்ளைக்கும் புதுச் செய்தி என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"யாருடி கேட்டு வெச்சது? இவரு முடி வெட்டறவரு டாக்டர். சும்மா இருக்காராம், சும்மா!"

"அம்மா, நீ பேசாம இரு."

"நான் ஏன் பேசாம இருக்கணும்? பேசாம இருக்கத்தான் இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே."

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிசியோ அம்மாவைக் கூப்பிட்டார். அவள் வெந்நீரில் போட்டால் இளகுகிற ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, அந்த விரலுக்கு இரண்டு மாட்டிகள் செய்தாள். ஒன்று வளைவாக, ஒன்று கிட்டத்தட்ட நேராக. "ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. எல்லா வேலையும் செஞ்சு பாருங்க. அப்புறம் வந்து சொல்லுங்க," என்றாள்.

முதலில் வளைந்ததைப் போட்டார். டம்ளர் கையில் நின்றது, வாளியின் பிடி நின்றது. மகள் முகம் மலர்ந்தது. பிறகு நேரானதைப் போட்டார். வந்தது வினை. முகம் கழுவப் போய்க் கண்ணைக் குத்திக்கொண்டார். பால் செம்பைத் தட்டிவிட்டார். சட்டைப் பையில் கையை விட்டால் விரல் உள்ளே போகாது. சாப்பிட உட்கார்ந்தால் அது பாட்டுக்கு என் மகளை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

"என்னையே சுட்டிக் காட்டாதீங்க. நான் என்ன குத்தம் பண்ணினேன்?" என்றாள் அவள்.

"விரலைக் கேளு," என்றார்.

எல்லா வேலையும் செய்து பார்த்தாயிற்று, ஒன்றைத் தவிர. அதை அவர் வாயெடுத்துக் கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் நானே கடையைத் திறக்கச் சொல்லி, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

"வெட்டுங்க மாப்பிள்ளை."

அவர் வாசலையும் என்னையும் பார்த்தார். "அத்தை, உங்க தலையில நான் எப்படி..."

"ஏன், என் தலைக்கு என்ன? முடி கொஞ்சம் கம்மி, அதானே?"

"மாமியார் தலையில கை வெச்சான்னு ஊர்ல சிரிப்பாங்க."

"இத்தனை நாள் என் மகளோட குடும்பம் நடத்தினீங்களே, அதுக்கு அழாத ஊரு இதுக்கா சிரிக்கப் போகுது. நுனியில ஒரு விரக்கடை எடுங்க. கழுத்துல கசகசங்குது."

துணியை என் கழுத்தில் கட்டினார். முதலில் வளைந்த மாட்டியோடு பிடித்தார். முடி இரண்டு விரலுக்கு நடுவே நிற்கவில்லை. வளைந்த விரலுக்கும் நேரான விரலுக்கும் இடையே சந்து விழுந்து, முடி அதன் வழியாக நழுவி ஓடியது. பிடித்தார், ஓடியது. மறுபடி பிடித்தார், ஓடியது. கத்தரி வெட்டு ஒன்று தவறி விழுந்தது, அந்த இடத்தில் முடி படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

"அடுத்ததைப் போடுங்க," என்றேன்.

நேரானதை மாட்டினார். சீப்பால் வாரி எடுத்தார், விரல்களை மூடினார். முடி நின்றது. இழுத்தார், வந்தது. கத்தரி நறுக் நறுக்கென்று பேச ஆரம்பித்தது. என் பிடரியில் அந்தப் பிளாஸ்டிக்கின் கெட்டியான ஓரமும், அதற்குப் பக்கத்தில் அவருடைய நடுவிரலின் சூடும் பட்டன. என் தலையைக் கடைசியாக யாரோ அப்படிப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மெல்லத் திருப்பியது நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது. கண்ணில் தண்ணீர் வந்தது. முடி விழுந்துவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு வேற வேலை வராதுன்னு இல்ல அத்தை," என்றார் திடீரென்று. அவர் தானாக ஆரம்பித்துப் பேசியது எனக்கே அதிர்ச்சி. "பெட்டி தூக்கலாம். தூக்கினா என்ன. ஆனா ஒரு தலை எங்க மேடு, எங்க பள்ளம், எங்க சுழின்னு இந்தக் கைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அது மறந்துடுமோன்னுதான்..."

கண்ணாடியில் பார்த்தால், மாடிப் படியில் மகள் நிற்கிறாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ. இறங்கி வந்து என் பின்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்த எடம் படிக்கட்டா இருக்கு."

"அது மொதல்ல வெட்டினது," என்றார்.

"சரி பண்ணுங்க அப்ப." புடவை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "கை வெந்த அன்னிக்கு நீங்க படியேறி வந்த கோலம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. அதனாலதான் கிடங்கு கிடங்குன்னு... நேராவே ஒட்டச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. இந்தக் கடைக்குள்ள இனிமே தீப்பெட்டி வரக்கூடாது. கத்தரியைக் கொதிக்கிற தண்ணியில போடுங்க, மருந்துல ஊற வைங்க, என்ன வேணா பண்ணுங்க. தீ மட்டும் வேண்டாம்."

"வராது."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. அம்மா சாட்சி."

"சாட்சிக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு," என்றேன்.

நேராகவே ஒட்டினார்கள். சுத்தமாக நேராக இல்லை, நகம் பக்கத்து விரலோடு படிகிற அளவுக்கு ஒரு நெளிவு. டாக்டர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். "டம்ளர் பிடிக்கச் சிரமப்படுவீங்க, பரவாயில்லையா?" மாப்பிள்ளை, "வலது கையால குடிச்சுக்கறேன்," என்றார்.

எலும்பு கூடும் வரை காத்திருந்தோம். பிறகு மறுபடி மாவு உருண்டை, கிளிப், எண்ணெய் போட்டு நீவுவது, அரிக்கும் உறை. சவரத்துக்குத் தோலை இழுத்துப் பிடிக்க மற்ற விரல்களைப் பழக்கினார். ஊதின பலூனில் சோப்பு நுரை பூசி, அதன்மேல் கத்தியை ஓட்டிப் பழகுவார். ஆரம்பத்தில் பலூன்கள் டமார் டமாரென்று வெடித்தன. நான் மேலே படுத்திருந்தபடி திடுக்கிடுவேன். பிறகு வெடிப்பது குறைந்தது. கடைசியில் வெடிக்காத பலூன்கள் கடை முழுக்க உருண்டுகொண்டிருந்தன.

கடையைத் திறந்தபோது பழைய ஆட்கள்தான் வந்தார்கள். கையைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். வெட்டி முடிக்கும் முன்பே, "ஆஹா, அருமை," என்றார்கள். ஒருவருக்குக் காதுக்கு மேலே ஏற்ற இறக்கமாக வந்துவிட்டது. அவரும் அருமை என்றார். மாப்பிள்ளை அவர்களைத் திட்டவா முடியும்? ஒவ்வொருவராக வந்து புகழ்ந்துவிட்டுப் போகப் போக, அவர் முகம் இருண்டுகொண்டே போனது. "எல்லாரும் துக்கம் விசாரிக்க வராங்க அத்தை. முடி வெட்ட யாரும் வரல," என்றார்.

அந்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, முன்பின் தெரியாத ஒரு மனிதர் உள்ளே வந்தார். வேறு ஊர்க்காரர். கையில் பெட்டி. உட்காருவதற்குள், "சீக்கிரம்ங்க, பஸ்ஸைப் பிடிக்கணும்," என்றார். போனை எடுத்து யாரோடோ சண்டை பிடிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை துணியைக் கட்டினார். நான் பெஞ்சில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடது கை அந்தத் தலையின் மேல் போனது, வாரி எடுத்தது, நிறுத்தியது. நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை விரல் அவருடைய கண்ணுக்கு நேராகவே போய்ப் போய் வந்தது. அவர் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "என்னங்க இது, இந்தப் பக்கம் கிருதா பெருசா இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்க வேணாமா? பின்னாடியும் இன்னும் குறைங்க. இப்படி வெட்டினா யாரு வருவா?"

எனக்கு எழுந்து அவரை நாலு கேள்வி கேட்கலாமா என்று வந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"குறைச்சிடலாம்ங்க," என்றார். கிருதாவைச் சரிசெய்தார், பின்பக்கம் குறைத்தார். அந்த மனிதர் பிடரியைத் தடவிப் பார்த்து, "ம், இப்ப சரி," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நாற்காலியைச் சுற்றிலும் கறுப்பாக முடி கிடந்தது. பெருக்கலாமென்று நான் துடைப்பத்தை எடுத்தேன்.

"இருக்கட்டும் அத்தை. கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை.